ஈயம்: ஒரு பெயரும் இரு தனிமங்களும்

திருவள்ளூரை அடுத்த காக்களூர் இன்று தன் சிறுதொழிற் பேட்டையால் அறியப்படும் ஊர். அப்பேட்டையிலும், அதற்கு வடகிழக்கே கும்மிடிப்பூண்டியிலும் உள்ள பட்டறைத் தெருக்களில் செவிகொடுத்து நிற்பார்க்கு, ‘ஈயம்’ என்னும் சொல் ஒரே நாளில் வெவ்வேறு பொருளில் வந்து விழும். மின்கருவிகளின் உட்பலகையில் கம்பி பொருத்துவோர், தாம் உருக்கி வைக்கும் பற்றாசுக் கம்பியை ஈயம் என்பர். பழைய பாட்டரிகளை எடைக்கு வாங்குவோர், அவற்றினுள் இருக்கும் கனத்த கரிய தகடுகளை ஈயம் என்பர். மாலையில் பாத்திரக் கடைக்கு வரும் இல்லத்தரசி, இரசம் வைப்பதற்கு ஈயச் சொம்பு கேட்பாள். சொல் ஒன்றே, பொருள்கள் மூன்று. பாட்டரியில் உள்ளது நஞ்சாகிய ஓர் உலோகம். சொம்பு, உண்மையில் அதன் பெயருக்கு உரியதாயின், நஞ்சல்லாத வேறோர் உலோகம். பற்றாசுக் கம்பியோ நெடுங்காலம் இவ்விரண்டும் கலந்ததாகவே இருந்து வந்தது.

இம்மயக்கம் எவ்வாறு தோன்றியது? தமிழ்மொழி இவ்விரண்டையும் என்றும் ஒன்றாகவே கருதியதா? அன்றி, ஒருகால் வேறு பிரித்து வைத்த பெயர்களைப் பின்னர் இழந்ததா? இவ்வினாக்களையே நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இது சொல்லாராய்ச்சியோடு நில்லாமல் அடுப்பங்கரை வரையில் செல்லும் செய்தியாதலின், பொருள்களின் இயல்பினையும் உடன் காண்டல் வேண்டும்.

வேதியியலார் கணக்கில் வெள்ளீயம் 50ஆம் தனிமம். காரீயம் 82ஆம் தனிமம். இரண்டும் மென்மையானவை, எளிதில் உருகுபவை, வெட்டிய புதிதில் இரண்டும் பளபளக்கும். காரீயம் சில நாளில் ஒளி மழுங்கிச் சாம்பல் நிறங்கொள்ளும். வெள்ளீயமோ நெடுநாள் வெண்மை மாறாதிருக்கும். வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலும், காரீயம் 327 பாகையிலும் உருகும். ஒரே அளவுள்ள இரு கட்டிகளைக் கையில் ஏந்தினால், காரீயக் கட்டி மற்றதனைப் போல் ஒன்றரை மடங்கு கனக்கும். வெள்ளீயக் கோலை வளைத்தால் உள்ளிருந்து நெரியும் ஓசை ஒன்று எழும். காரீயம் ஓசையின்றி வளையும். காரீயத்தால் தாளில் கோடிழுத்தால் கருங்கோடு விழும். இவ்வேறுபாடுகள் எல்லாம் ஆய்வுக்கூடம் இன்றியே கண்ணும் கையும் செவியும் அறியத் தக்கவை. ஆகலின், பண்டைக் கொல்லரும் கன்னாரும் இவ்விரண்டையும் ஒன்றென மயங்கினர் எனக் கொள்ளுதற்கு இடமில்லை. பொருளில் மயக்கம் இல்லை, பெயரில்தான் மயக்கம்.

பெயரிடும் முறையில் தமிழ் தனித்து நிற்கவும் இல்லை. இலத்தீன் மொழியிலும் ‘பிளம்பம்’ என்னும் ஒரு சொல்லே இரண்டற்கும் உரியதாய் இருந்தது. கரியதனைக் கரும்பிளம்பம் என்றும், வெளியதனை வெண்பிளம்பம் என்றும் அடைகொடுத்து வேறுபடுத்தினர். கி. பி. முதல் நூற்றாண்டினராகிய பிளினி இவ்விரண்டையும் இவ்வாறே பிரித்துரைக்கின்றார். மலாய் மொழியில் ‘தீமா’ என்பது பொதுப்பெயர். ‘தீமா பூத்தே’ என்பது வெள்ளீயம். ‘தீமா ஈத்தாம்’ என்பது காரீயம். நிறவடை மூன்று மொழியிலும் ஒத்திருத்தல் வியப்பன்று. எனினும் ஒரு வேறுபாடு கருதத் தக்கது. மலாய் நாடு வெள்ளீயம் விளையும் நாடு. அங்கு அடையின்றித் ‘தீமா’ என்றால் வெள்ளீயமே முதலில் நினைவில் எழும். தமிழில் அடையின்றி ‘ஈயம்’ என்றால் நூல்வழக்கில் பெரும்பாலும் காரீயமே பொருளாகும். எந்நாட்டில் எது மிகுதியாய்ப் புழங்கியதோ அதுவே பொதுப்பெயரைத் தனதாக்கிக் கொள்ளும் போலும்.

தமிழகத்திற்கு வெள்ளீயம் கடல்வழி வந்த பொருள். எரித்திரியக் கடற்பயண நூல், முசிறி முதலிய மேலைக்கரைப் பட்டினங்களில் வந்திறங்கும் பண்டங்களுள் செம்பு, வெள்ளீயம், காரீயம் ஆகிய மூன்றனையும் குறிக்கின்றது. கிரேக்க மொழியில் இவ்விரு ஈயங்களுக்கும் வெவ்வேறு பெயர்கள் உண்டாதலின் அங்கு ஐயத்திற்கு இடமில்லை. பிளினியோ, இந்தியாவில் செம்பும் இல்லை, பிளம்பமும் இல்லை, தன் மணிகளையும் முத்துக்களையும் கொடுத்தே அந்நாடு அவற்றைப் பெறுகின்றது என்ற கருத்துப்பட எழுதுகின்றார். அவ்விடத்து அவர் அடைகொடுத்திலர். எந்தப் பிளம்பம் என்று மொழிபெயர்ப்பாளர் தாமே துணிய வேண்டியுள்ளது. ஒரு பெயர் இரு பொருள் தாங்கினால் விளையும் இடர்ப்பாட்டுக்குத் தமிழ்நாட்டு வாணிகம் பற்றிய இவ்வொரு தொடரே சான்றாகின்றது. இனி, இந்தியாவில் காரீயமே இல்லை என்னும் கருத்து முற்றும் பொருந்தாது. இராசத்தானத்துச் சாவர், அகுச்சா முதலிய இடங்களிலும், தமிழகத்திலேயே மாமண்டூரிலும் காரீயக் கனிமம் உண்டு.

காரீயம் நம் கரையில் மிகுதியாய்ப் புழங்கியமைக்குக் காசுகள் சான்று பகர்கின்றன. சாதவாகனர் பெருவாரியாக ஈயக் காசுகளை வெளியிட்ட மரபினர். இரட்டைப் பாய்மரக் கப்பல் உருவம் பொறித்த அவர்தம் ஈயக் காசுகள் சோழமண்டலக் கரையில் கிடைத்துள்ளன. ‘வங்கம்’ என்னும் சொல் மரக்கலத்தையும் குறிக்கும், ஈயத்தையும் குறிக்கும். ஆகவே கப்பல் பொறித்த ஈயக் காசு இருவகையானும் வங்கம் ஆயிற்று என்று மகிழ்வாரும் இருக்கக்கூடும். அஃது ஒலியொப்புமை தந்த இன்பமே அன்றி, சொற்பிறப்புக்குச் சான்றாகாது.

இனி, பெயர்களை நோக்குவோம். ‘ஈயம்’ என்பதனை வடமொழிச் ‘சீசம்’ என்பதோடு இயைத்து, முதற்கண் நின்ற சகரம் கெட்டது எனக் கொள்வாரும் உளர். தனித் தமிழ்ச் சொல்லே என்பாரும் உளர். இவ்வழக்கினுள் நாம் புகவில்லை. நம் ஆராய்ச்சிக்கு இதனினும் பயன்படுவது ‘தகரம்’ என்னும் சொல். தெலுங்கில் ‘தகரமு’ என்றால் வெள்ளீயம். ‘சீசமு’ என்றால் காரீயம். கன்னடத்தில் முறையே ‘தவர’, ‘சீச’ என்பர். இரு தனிமங்களுக்கு இரு பெயர்கள்; குழப்பமே இல்லை. தமிழ் அகராதிகளும் தகரம் என்பதற்கு வெள்ளீயம் என்னும் பொருளைத் தந்துள்ளன. எனவே தென்மொழிகளுக்குப் பொதுவானதொரு பழம்பெயர் வெள்ளீயத்திற்கு இருந்தது என்பதும், அப்பெயர் தமிழிலும் வழங்கியது என்பதும் தெளிவாம். மலையாளமோ இவ்வகையில் தமிழோடு நிற்பது. அங்கும் வெளுத்தீயம், காரீயம் என்னும் அடைவழக்கே உண்டு.

தமிழில் தகரம் தன் பொருளை எவ்வாறு இழந்தது? ஐரோப்பாவில் 1810ஆம் ஆண்டில் பீட்டர் டூரண்டு என்பவர் உணவை அடைத்து வைக்கும் வெள்ளீயம் பூசிய கலத்திற்கு உரிமை பெற்றார். மெல்லிய இரும்புத் தகட்டின்மேல் வெள்ளீயம் பூசினால் இரும்பு துருப்பிடியாது, உணவும் கெடாது. இத்தகட்டாற் செய்த எண்ணெய்க் கலங்களும் பெட்டிகளும் நம் நாட்டிற் பரவியபோது, மேற்பூச்சின் பெயரே முழுப்பொருளுக்கும் பெயராயிற்று. அதுவரையில் தவறில்லை. பின்னர்ப் பூச்சு மாறியது, பெயர் மாறவில்லை. இன்று தகரக் கொட்டகை எனப்படுவதன் கூரை, துத்தநாகம் பூசிய இரும்பு. அதில் வெள்ளீயம் அறவே இல்லை. எம்பூச்சும் இல்லாத மெல்லிரும்புத் தகட்டையும் தகரம் என்பார் உளர். இவ்வாறு தகரம் என்பது இரும்புக்கு உரியதாகிவிடவே, வெள்ளீயத்திற்குத் தனிப்பெயர் இல்லாது போயிற்று. ஈயம் என்னும் பெயரின் கீழ் ஒதுங்கி நின்று, அடை ஒன்றால் மட்டும் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இதுவே நம் துணிபு. தெலுங்கிலும் கன்னடத்திலும் காரீயம் சீசப் பெயரையே கொண்டு விலகி நின்றமையால், அங்கு இத்தகைய கேடு நேரவில்லை. திருவள்ளூர் மாவட்டம் ஆந்திர எல்லையை ஒட்டியது; தெலுங்கும் தமிழும் அருகருகே ஒலிப்பது. ஒரே பட்டறையில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இருவருள், தெலுங்கர் இரு பெயரால் கூறுவதனைத் தமிழர் ஒரு பெயரால் கூறுகின்றார்.

மருத்துவ நூல் வழக்கு இதனினும் நுட்பமாக ஆராயத் தக்கது. சித்த மருத்துவத்தார் வெள்வங்கம், கருவங்கம் என அடைகொடுத்தே இவ்விரண்டையும் வேறுபடுத்துவர். ஆனால் ‘நாகம்’ என்னும் பெயரில் ஒரு பெரும்பிழை நேர்தற்கு இடமுண்டு. ஆயுர்வேத நூல்களில் நாகம் என்பது காரீயம். சித்த மருத்துவத்திலோ நாகம் என்பது துத்தநாகம். ஆகவே ஆயுர்வேதத்தின் நாக பசுபமும் சித்தத்தின் நாக பற்பமும் ஒரே மருந்து அல்ல. முன்னது காரீயத்தினின்று ஆவது, பின்னது துத்தநாகத்தினின்று ஆவது. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்போரும், ஒரு முறையின் நூலை மற்றொன்றின் துணைகொண்டு உரை காண்போரும் இதனை நினைவிற் கொள்ளாராயின், பாடபேதத்தினும் கொடிய பிழை நேரும். துத்தநாகம் என்னும் சொல்லும் கடல் கடந்தது. போர்த்துக்கீசியர் வாயிலாக ஆங்கிலத்துட் புகுந்து, கிழக்கிந்தியக் கும்பினியாரின் வாணிகக் கணக்குகளில் ‘தூத்தெனாகு’ என வழங்கியது அதுவே.

காரீயம் என்னும் பெயரும் ஓரிடத்தில் நில்லாது உலவியது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் காரீயம் என்பது கிராபைட்டைக் குறிக்கும். போகல, கஹட்டகஹ முதலிய சுரங்கங்களினின்று எடுக்கப்படுவது அதுவே. தமிழகப் பாடநூல்களில் காரீயம் என்பது 82ஆம் தனிமம். ஐரோப்பியரும் இவ்வாறே மயங்கியவரே. எழுதுகோலின் உட்கருவை இன்றும் அவர்கள் ஈயப் பெயரால் அழைக்கின்றனர். அது கரியின் ஒரு வடிவம் என்பதனை 1779இல் சுவீடன் நாட்டு ஷீலே என்னும் வேதியியலார் நிறுவிய பின்னரும் பழம்பெயர் போகவில்லை. யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவரும் சென்னை மாணவர் ஒருவரும் காரீயத்தைப் பற்றி ஒரே தமிழில் உரையாடுவாராயின், ஒருவர் பென்சிலையும் மற்றவர் பாட்டரியையும் நினைத்துக் கொண்டிருப்பர். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த கிறீன் அவர்களின் ‘கெமிஸ்தம்’ 1875இல் வெளிவந்தது. சேலத்தில் தமிழ்ச் சொல்லாக்க முயற்சி 1916இல் தொடங்கியது. இத்துணை நீண்ட கலைச்சொல் வரலாறு உடைய மொழியில் இச்சிறு வேற்றுமை இன்னும் தீராதிருத்தல் வருந்தத் தக்கது.

இரண்டு ஈயமும் ஒருங்கு கூடித் தமிழுக்குத் தொண்டு செய்த இடம் ஒன்று உண்டு. அச்செழுத்து வார்க்கும் உலோகம் பெரும்பகுதி காரீயம். அதனோடு அண்டிமனியும் சிறிது வெள்ளீயமும் சேரும். அண்டிமனி உறுதி தரும். உலோகம் இறுகும்போது சுருங்காமல் எழுத்தின் விளிம்பு கூர்மையுற நிற்கவும் செய்யும். வெள்ளீயம் உருக்கிய குழம்பை அச்சின் நுண்ணிய மூலைகளுள் பாயச் செய்யும். தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஆலே நகரினின்று வந்த தமிழெழுத்துக்கள் அளவிற் பெரியனவாதலின், தாள் மிகச் செலவாயிற்று. அதனால் சிறிய எழுத்துக்கள் இங்கேயே வார்க்கப்பட்டன. இங்கிலாந்தினின்று வந்த பாலாடைக்கட்டிகளின் ஈய உறைகளே அதற்கு உலோகமாயின என்பது அச்சு வரலாற்றார் கூறும் சுவையான செய்தி. புதிய ஏற்பாடு 1715இல் அவ்வாறு அச்சேறி முற்றுப்பெற்றது. பின்னர் இரு நூற்றாண்டுக்கு மேலாக நம் இலக்கியங்கள் ஈயத்தில் நின்றே மக்கள் கையை அடைந்தன. சுவடிகள் அழியாது பிழைத்ததற்கும் அச்சுக் கோப்போர் விரல்களில் நாளும் நஞ்சு படிந்ததற்கும் காரணம் அவ்வொரு பொருளே.

செப்புத்திருமேனிகளிலும் இவை இரண்டும் செம்போடு கூடி நிற்கின்றன. சாரதா சீனிவாசன் அவர்கள் தென்னாட்டுத் திருமேனிகளில் உள்ள காரீயத்தின் அணுவகைகள் எவ்விகிதத்தில் அமைந்துள்ளன என்பதனை அளந்து, அவற்றைக் காலவாரியாகப் பகுக்க முயன்றுள்ளார். கனிமம் தோன்றிய இடத்தைப் பொறுத்து அவ்விகிதம் வேறுபடுதலே அம்முயற்சிக்கு அடிப்படை. சிற்பநூலார் ஒரு வரியிற் கூறி விடுத்த சிறு கலப்பு, இன்று வரலாற்றுச் சான்றாய் எழுந்துள்ளது.

இப்போது அடுப்பங்கரைக்கு வருவோம். பித்தளையிலும் செம்பிலும் புளி சேர்ந்த உணவு நின்றால் களிம்பு ஏறும். இதனைத் தடுக்கவே உட்புறம் ஈயம் பூசினர். பாத்திரத்தை நெருப்பிற் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவி, வெள்ளீயக் கோலை உரசிப் பஞ்சினால் துடைத்தால், வெண்புகை எழ, உட்புறம் வெள்ளிபோல் ஒளிரும். நவச்சாரம் செம்பின்மேல் படர்ந்த ஆக்சைடை நீக்கிவிடுதலால் உலோகம் உலோகத்தோடு பற்றும். இத்தொழிலுக்குக் ‘கலாய்’ என்றும் பெயர் உண்டு. அச்சொல் வெள்ளீயத்தைக் குறிக்கும் ‘கல்ஈ’ என்னும் அரபுச் சொல்லினின்று வந்தது. அரபு நூலார் கூறும் ‘கலா’ என்னும் கீழ்க்கடல் துறையின் பெயரோடு அதனை இயைப்பர். கலாவைக் கடாரம் எனத் துணிவாரும் உளர். 1025ஆம் ஆண்டை ஒட்டி இராசேந்திரன் படை சென்ற கடாரமும், தெருவில் ‘ஈயம் பூசலையோ’ எனக் கூவிச் சென்றவனின் தொழிலும் ஒரு சொல்லால் இணைவது அவ்வாறாயின் மெய்யாகும்.

பூச்சு மட்டுமன்றிச் சொம்பு முழுதுமே வெள்ளீயத்தால் ஆவதும் உண்டு. குடந்தை, தஞ்சைப் பக்கத்து இல்லங்களில் இரசத்திற்கென்றே அது தனியாக இருந்தது. அதனைக் கையாளும் விதிகளை அன்னையர் வேதியியல் கல்லாமலே வகுத்திருந்தனர். வெறுஞ் சொம்பை அடுப்பில் வைத்தல் ஆகாது. புளிநீர் விட்ட பின்னரே ஏற்ற வேண்டும். தாளிப்பைத் தனிக் கரண்டியில் செய்து மேலே கொட்ட வேண்டும். நீர் உள்ளவரையில் கலம் 100 பாகையை ஒட்டியே நிற்கும், வெள்ளீயம் உருகாது. வெறுங்கலம் தீயில் சில நொடியில் 232 பாகையைக் கடந்து, அடியோடு வழிந்து போகும். அவ்வாறு அடுப்பில் சொம்பை இழந்த வீடுகள் பல.

இங்கேதான் பெயரின் கேடு உயிரைத் தொடுகின்றது. வெள்ளீயம் விலை மிக்கது, காரீயம் மலிந்தது. இரண்டும் எவ்விகிதத்திலும் கலக்கும். ஏறக்குறைய 62 பங்கு வெள்ளீயமும் 38 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை 183 பாகையிலேயே உருகும். அதாவது இரண்டில் எதனினும் குறைந்த வெம்மையில். பற்றாசுக்கு இக்கலவையைத் தேர்ந்தது அதனாலேயே. அதே எளிமை, சொம்பு வார்ப்போனையும் கலப்படத்திற்கு அழைக்கும். புளியின் அமிலம் காரீயத்தைக் கரைக்கும். கரைந்தது உடலிற் சேர்ந்தால் கால்சியத்தின் இடத்தைப் பற்றி எலும்பிலே தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இதில் தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கருத்து. கலந்த உலோகத்தில் தாளிற் கீறுவதும் வளைத்துச் செவிமடுப்பதும் ஐயம் தீர்க்கா. ஆய்வுக்கூடமே அதனைக் கூறவல்லது.

அரசும் அறிவியலாரும் காரீயத்தை விலக்க முற்பட்டபோது தமிழில் வழங்கிய சொல் யாது? 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளினின்று நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்பட்டது. வீட்டு வண்ணப்பூச்சுக்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படலாகாது என்னும் விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டிலும் ஈயம் என்றது காரீயத்தை மட்டும். இச்செய்திகளைக் கேட்ட இல்லத்தார் சிலர் தம் முன்னோரின் நல்ல வெள்ளீயச் சொம்பை அஞ்சிப் பரணில் ஏற்றினர். வேறு சிலரோ, ‘எம் பாட்டி வழங்கியதும் ஈயமே’ எனத் துணிந்து, கலப்படச் சொம்பைப் புதிதாய் வாங்கினர். இரு திறத்தாரும் ஏமாந்தது ஒரு சொல்லால்.

பற்றாசின் நிலை இன்னும் நகைப்பிற்கிடமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006இல் நடைமுறைக்கு வந்த விதிக்குப் பின் மின்கருவிகளில் காரீயம் நீங்கிய பற்றாசு பரவியது. அது வெள்ளீயத்தோடு சிறிது வெள்ளியும் செம்பும் சேர்ந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் வெள்ளீயமே. அதனைத் தமிழில் ‘ஈயமில்லாப் பற்றாசு’ என்று எழுதுவது, ஏறக்குறைய முழுதும் ஈயமாகிய ஒன்றனை ஈயமற்றது என்பதாய் முடிகின்றது.

தகரம் என்னும் பழம்பெயரை வெள்ளீயத்திற்கு மீட்டுத் தருதல் இனி இயலாது. கூரையும் எண்ணெய்க் கலமும் அதனைக் கைக்கொண்டுவிட்டன. ஆகவே அடையற்ற ஈயம் என்னும் வழக்கைக் கலைச்சொல் அட்டவணைகளினின்றும், அரசாணைகளின் தமிழ் வடிவங்களினின்றும், பாத்திரக் கடைப் பெயர்ச்சீட்டுகளினின்றும் நீக்குதலே தக்கது என்பது எம் கருத்து. 50ஆம் தனிமத்திற்கு வெள்ளீயம். 82ஆம் தனிமத்திற்குக் காரீயம். கிராபைட்டிற்கு இலங்கையாரும் தமிழகத்தாரும் கூடி வேறொரு பெயர். பற்றாசுக் கம்பி காரீயம் நீங்கியது என அதன் சுருளிலேயே அச்சிடப்பெறல் வேண்டும். காக்களூர்ப் பட்டறையில் கம்பி பொருத்தும் இளைஞர், உணவு வேளையில் கைகழுவ வேண்டுமா என்பதனை அவ்வொரு சொல்லினின்றே அறிந்துகொள்வார்.